புல்டாக்கிற்குத் தவறான நாளில் குறித்த கருத்தடை அறுவை, பிடித்துக்கொண்ட ரத்துக் கட்டணம் – புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
செல்லப்பிராணி மருத்துவமனைத் தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா / அம்மையீர்,

5 வயது, 24 கிலோ பெட்டை புல்டாக்கிற்கு உங்கள் கருத்தடைத் திட்டத்தில் ரூ.14,500 கட்டியிருந்தேன். ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்த 18ஆம் நாளில் அறுவைக்குத் தேதி கொடுத்தீர்கள். தள்ளிவைக்கக் கேட்டதும், "ஸ்லாட் போயிடுச்சு சார்" என்று ரூ.4,000 பிடித்துக்கொண்டீர்கள். தேதியைக் குறித்ததே தவறு என்பதால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

உங்கள் படிவத்தில் வயது, எடை, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசியாக ஹீட்டுக்கு வந்த நாளுக்கு இல்லை. வளர்ந்த பெட்டைக்கு முதலில் கேட்க வேண்டியதே அதுதான். ஹீட்டில் கருப்பை ரத்தக்குழாய்கள் புடைத்து, திசு நொய்ந்திருக்கும். ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு அதிகம். அடுத்த இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்னும் சினைக்கால ஹார்மோன் ஓங்கியிருக்கும். அப்போது சினைப்பையை எடுத்தால் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்கும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும், மடி பால் கட்டும், பொய்ச்சினை நாள்கணக்கில் இழுத்தடிக்கும். அதனால்தான் ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் விடுகிறார்கள். கருப்பையில் சீழ் பிடித்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, உடனே செய்தாக வேண்டும்.

அடுத்தது மூச்சு. "எல்லா இனத்துக்கும் ஒரே பேக்கேஜ், மாலையே வீட்டுக்கு" என்கிறது உங்கள் துண்டுப்பிரசுரம். புல்டாக்கிற்கு மூக்குத்துளை குறுகல், மேலண்ணம் நீண்டு தொண்டைக்குள் தொங்கும், மூச்சுக்குழாயும் உடம்புக்குப் பொருந்தாமல் சிறுத்திருக்கும். மயக்கத்தில் மூச்சுக்காக 24 கிலோ லாப்ரடாருக்குத் தொண்டை வழியே போடும் டியூப் இதற்கு நுழையாது; இரண்டு மூன்று சிறிய அளவுகளை மேசையிலேயே எடுத்து வைக்க வேண்டும். மயக்க மருந்துக்கு முன் 3 முதல் 5 நிமிடம் மாஸ்க்கில் ஆக்சிஜன். எதுக்களித்த சாறு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா என்பதால் வாந்தியைத் தடுக்கும் மரோபிடன்ட், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் முன்கூட்டியே. ஆனால் ஆபத்து பெரும்பாலும் அறுவையின்போது வருவதில்லை, விழிக்கும்போது வருகிறது. நெஞ்சு தரையில் படக் குப்புறக் கிடத்தி, நாய் தலையைத் தூக்கி, டியூப்பைக் கடித்து, விழுங்க ஆரம்பித்த பிறகே உருவ வேண்டும். பரபரப்பான நாளில் அடுத்த நாய்க்கு மேசை வேண்டும் என்று முன்பே உருவினால் தொண்டைச் சதை வழியை அடைத்துவிடும். பிறகும் சில மணி நேரம், ஏசி அறையில், ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் உங்கள் பேக்கேஜில் 'விருப்பத்தேர்வு'. இந்த இனத்துக்கு அது விருப்பமல்ல.

பிரசுரத்தில் இன்னொன்று: "மார்பகக் கட்டி வரவே வராது". முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் வாய்ப்பு மிகக் குறைவு, உண்மை. 5 வயதில் அந்தப் பலன் பெரிதாகக் கிடைக்காது. இந்த வயதில் சொல்ல வேண்டிய காரணம் பயோமெட்ரா. ஹீட் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோக்கும் நோய் அது. ஸ்வீடனில் காப்பீடு செய்த நாய்களை ஆராய்ந்ததில், கருத்தடை செய்யாத பெட்டைகளில் சுமார் நாலில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் வந்திருக்கிறது. அப்போது நோயோடு மேசையில் ஏற்றுவதைவிட, நல்ல உடம்போடு இப்போது ஏற்றுவது மேல். ஆகவே அறுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டைகளுக்குப் பின்னாளில் சிறுநீர் கசியலாம், பசி கூடும், தீனியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்பதையும் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கொழுத்த புல்டாக்கிற்கு மூச்சு இன்னும் திணறும்.

எனவே:
ரூ.4,000-ஐத் திருப்பித் தாருங்கள். மூன்று மாதம் கழித்து, கால் சென்டரிலிருந்து அல்ல, மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரே பேசித் தேதி குறிக்கட்டும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, அன்றிரவு தங்கல் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். படிவத்தில் ஹீட் தேதிக்கு ஒரு கட்டம் சேருங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, படிவம், பிரசுரம் – நகல்கள்