தம்பிக்கு, மாட்டுங்காவிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போன் பண்ணினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. சயான் சித்தி வீட்டு விசேஷம் நன்றாக நடந்தது. எல்லோரும் உங்கள் இரண்டு பேரையும் கேட்டார்கள், ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

தாதர் வகுப்புக்கு இன்னும் போகிறேன். இப்போது ஆயில் பெயின்ட். எண்ணெய் தண்ணீர் மாதிரி வற்றிக் காய்வதில்லை, காற்றை வாங்கித்தான் இறுகுகிறதாம். அதனால் முதல் பூச்சு டர்பன்டைன் விட்டு மெலிசாக இருக்க வேண்டும், எண்ணெய் கூடினது மேலேதான். மாற்றிப் போட்டால் பின்னால் வெடிப்பு விடும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்று மாஸ்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஒவ்வொரு துணியையும் பால்கனிக் கொடியில் விரித்து க்ளிப் போடுகிறார். பக்கத்து பில்டிங்கில் என்ன நினைப்பார்களோ.

ஆறு ஒன்று வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் கங்கை, நர்மதை என்று போட்டோ கொண்டுவந்தார்கள். நான் நம் மும்பை மித்தி என்றேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும். விஹார் ஏரியும் பவாய் ஏரியும் வழிந்து வருகிற தண்ணீர்தானே அது, மாகிம் போய்ச் சேருவதற்குள் நாம்தான் அதைப் படாதபாடு படுத்துகிறோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது குர்லாவில் அது ஏறி வந்ததை நீயே பார்த்தவன். அன்று ராத்திரி போன் செத்துக் கிடந்தது, விடியும் வரை நானும் அப்பாவும் வாசலிலேயே இருந்தோம். இப்போது போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பார்த்துப் பழக மாஸ்டர் கொடுத்தது ஜார்ஜ் சூராவின் படம். பாரிஸ் பக்கம் செய்ன் நதியில் ஒரு தீவு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். 1884இல் ஆரம்பித்து 1886இல் முடித்திருக்கிறார். நான் குழைத்துக் குழைத்துச் சேறாக்குகிற இடத்தில் அவர் குழைக்காமலே நீலத்தை ஒட்டி ஆரஞ்சைப் புள்ளியாக வைக்கிறார், தள்ளி நின்றால் நம் கண்ணே கலந்துகொள்கிறது. மித்தியின் கறுப்புத் தண்ணீருக்கு நான் கறுப்பு ட்யூபைத் திறக்கவே இல்லை. ஊதா, கரும்பச்சை, நடுநடுவே துளி ஆரஞ்சு. மாஸ்டர் தாண்டிப் போனவர் திரும்பி வந்து பார்த்தார். உனக்கும் இந்தப் பொறுமை உண்டு, சின்ன வயதிலிருந்தே உண்டு. எங்கள் பக்கம் வேறு யாருக்கும் கிடையாது. அதை ஆபீஸுக்கே முழுசாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதே.

அந்தப் படத்தில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. வலது பக்கம் குடை பிடித்த அம்மாளும் சுருட்டு வைத்திருக்கிற ஆளும் ஒட்டித்தான் நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் பார்வை ஆற்றுப் பக்கம். கயிறு கட்டின குரங்கு வேறு. நாலு வார்த்தை பேசிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

மருமகளுக்கு மாங்காய்த் தொக்கு கொடுத்தனுப்பினேன். உப்பு, காரம் பற்றி அவள் ஏதாவது சொல்லாமல் இருக்கமாட்டாள். பொங்கலுக்கு அப்புறம் வீடியோவிலும் காணோம். வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். படம் உங்கள் சிகாகோவில்தான் இருக்கிறது, ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில், வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கம் நிற்குமாமே, அங்கே. புல்வெளியில் அவர் வைத்த ஜிங்க் யெல்லோ சில வருஷத்திலேயே பழுப்பாகிவிட்டதாம். புத்தகத்தில் பார்த்தால் எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து எழுது. அவளுக்குத்தான் கலர் நன்றாகத் தெரியும், புடவை எடுக்கும்போதே பார்த்திருக்கிறேன்.

படத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோவும் அனுப்பு. செல்ஃபி வேண்டாம், யாரையாவது எடுக்கச் சொல். கிட்டத்தட்ட பத்தடி அகலப் படம், அதில் பாதி விழாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் இரண்டு பேரும் முழுசாக விழ வேண்டும்.

அம்மா