முதுகைக் காட்டும் போன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐபோனையும் ஆண்ட்ராய்டு போன்களையும் ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையின் படத்தில் எல்லாப் போன்களும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கட்டுரையிலும் பாதிக்கு மேல் முதுகுப் புராணம்தான்: கண்ணாடியா உலோகமா, கேமரா மேடு வட்டமா சதுரமா. வாங்கின அன்றைக்கே உறையை மாட்டிவிடுகிறோம். அப்புறம் அந்த முதுகை யார் பார்க்கிறார்கள்?

நான் மொழிபெயர்ப்பாளர். வேலைக்கு ஐபோன், சொந்த உபயோகத்துக்கு ஆண்ட்ராய்டு என்று இரண்டையும் சுமந்துகொண்டு திரிபவள். (2023-ல் ஐபோன் 15 யூஎஸ்பி-சி துளையோடு வந்ததும் பையில் ஒரு கேபிள் குறைந்தது.) வடிவமைப்பு என்றால் எனக்குக் கண்ணைவிடக் கைதான் முக்கியம். நான் இடக்கைக்காரி. ஐபோனில் முந்தைய திரைக்குப் போக இடது ஓரத்திலிருந்து இழுத்துப் பழகிவிட்டேன். என் கட்டைவிரல் இருப்பதே அங்கேதான். வலக்கைக்காரரான என் கணவருக்கு விரல் எட்டாது, இன்னொரு கையையும் கொண்டுவருவார். ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பிலிருந்து எந்த ஓரத்தில் இழுத்தாலும் போதும். இது எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. நாளுக்கு நூறு தடவை செய்கிற காரியம்!

தட்டச்சு இன்னொன்று. தமிழ்99 விசைப்பலகை பழகிய கை எனக்கு: உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 2013-ல் ஐஓஎஸ் 7 இயங்குதளம் வந்ததிலிருந்து ஐபோனில் இந்த விசைப்பலகை கூடவே வருகிறது. அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். என் ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை நிறுவிக்கொண்டேன். இரண்டிலும் என் வேலை ஓடுகிறது. ஆனால் தமிழ்ப் பத்திரிகையில் வந்த ஒப்பீட்டில் தமிழில் எழுதுவது பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் வருத்தம்.

செயலிகளுக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டே வரி. அழகு மட்டும் போனைக் காப்பாற்றாது என்பதற்கு 2010-ல் வந்த விண்டோஸ் போனே சாட்சி. முகப்பில் நகரும் அந்த வண்ணக் கட்டங்கள் இன்றைக்கும் என் கண்ணுக்கு அழகுதான். வாங்க ஆள் இல்லை என்று செயலி எழுதுபவர்கள் ஒதுங்கினார்கள், செயலி இல்லை என்று வாங்குபவர்கள் ஒதுங்கினார்கள். 2019 முடிவில் வாட்ஸ்அப்பும் அதில் நின்றுபோனது. அதே ஆண்டு, அமெரிக்க நிறுவனங்கள் சீனாவின் ஹுவாவேயோடு வணிகம் செய்ய அந்நாட்டு அரசு விதித்த தடைக்குப் பிறகு வந்த ஹுவாவே மேட் 30 போன் வரிசையில் கூகுள் பிளே ஸ்டோர் கிடையாது. கேமரா எவ்வளவு நன்றாக இருந்தென்ன, ஜிமெயிலையும் கூகுள் மேப்ஸையும் நம்பியிருப்பவர் என்ன செய்வார்?

என் சொந்தக் கதையும் உண்டு. இதற்கு முன் வைத்திருந்த போனில் ஒரு கீறல் கிடையாது, பேட்டரியும் மாலை வரை தாங்கியது. ஒருநாள் காலையில் வங்கிச் செயலியைத் திறந்தேன். "உங்கள் இயங்குதளப் பதிப்பில் இச்செயலி இனி இயங்காது" என்று ஒரே வரி. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். சரி என்று அழுத்துவதைத் தவிர வேறு வழியும் வைக்கவில்லை. தயாரித்த நிறுவனம் எப்போதோ அப்டேட் கொடுப்பதை நிறுத்தியிருந்தது; நான்தான் கவனிக்கவில்லை.

உங்கள் அட்டவணையில் 'மென்பொருள்' என்ற கட்டத்தில் வெறும் பதிப்பு எண். எத்தனை ஆண்டுக்கு அப்டேட் வரும் என்பதல்லவா அங்கே இருக்க வேண்டும்? கூகுளின் பிக்ஸல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் 7 ஆண்டு என்று அறிவித்தே விற்றார்கள். அந்த 7 ஆண்டும் போன் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. விலை இறங்கட்டும் என்று இரண்டு வருடம் பொறுத்து வாங்குபவருக்கு மிஞ்சுவது 5. இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்.

அடுத்த ஒப்பீட்டில் இதற்கென ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்: போனைத் திருப்பி, உங்கள் பத்திரிகையின் பக்கம் ஒன்றையே திரையில் திறந்துவைத்து எடுக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி