அந்த ஐந்து எழுத்து

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். முழங்கால் வலியைப் பற்றிப் போனிலேயே புலம்பிவிட்டேன், இங்கே வேண்டாம்.

போன வாரம் தாத்தா வீட்டு வழக்குக்காக இங்கே பெங்களூர் ஹைகோர்ட்டுக்குப் போனேன். வழக்கம்போல வாய்தாதான். கூப்பிடும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது வக்கீலின் ஜூனியர் பையன் பேச்சுக் கொடுத்தான்.

"எந்த ஸ்கூல் அங்கிள்?"

"ஆர்.பி.ஏ.என்.எம்."

"அப்படின்னா?"

"நீ உட்கார்ந்திருக்கிற இந்தக் கட்டடத்தைக் கட்டினவர் பேருப்பா."

கிண்டல் செய்கிறேன் என்றே நினைத்துவிட்டான். அவனைச் சொல்லி என்ன? நீயும் அங்கே பத்து வருஷம் படித்தாய், ஒரு நாளாவது உனக்குச் சொன்னேனா? எனக்கே ரிட்டையர் ஆன பிறகுதான் தெரிந்தது. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அந்த ஐந்து எழுத்துக்குள் இத்தனை பெரிய மனுஷர் ஒளிந்திருக்கிறார்.

அப்போது பெங்களூரில் தண்டு, அதாவது பட்டாளம் தங்கிய கன்டோன்மென்ட், வேறு ஊர்; பேட்டை, அதாவது பழைய ஊர், வேறு ஊர். 1809-ல் வெள்ளைக்காரன் இங்கே தண்டு போட்டபோது மதராஸ் பட்டாளத்தோடு வந்தவர்கள்தான் நம் ஆட்கள். சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், கடைக்காரர் என்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். ஆற்காட்டுக்காரரான முதலியார் வியாபாரத்திலும் காண்ட்ராக்டிலும் வளர்ந்தார். அதுவரை திப்புவின் அரண்மனையில் நடந்த சர்க்கார் ஆபீஸ்களுக்காகக் கட்டியதுதான் இந்தச் சிவப்புக் கட்டடம். 1868-ல் முடிந்தது. பதினெட்டு இலாகா இருந்ததால் அட்டாரா கச்சேரி. 1982-ல் இதை இடிக்கப் பார்த்தார்கள், தெரியுமா? ஊர்க்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கடைசியில் கட்டடம் தப்பியது.

அந்தக் காண்ட்ராக்டில் கிடைத்த லாபத்தில்தான் பள்ளி தொடங்கினார் என்பார்கள். தொடங்கிய வருஷம் 1873. ஏழைப் பிள்ளைகள் படிக்கத்தான். நாலு வருஷத்துக்குள் பஞ்சம் வந்து மைசூர்ச் சீமையே சுருண்டது. பள்ளி மட்டும் தாக்குப்பிடித்தது. தன் வீட்டுச் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் அதை அவர் தர்மமாக எழுதி வைத்ததால் இன்றும் ஓடுகிறது. டிக்கன்சன் ரோட்டில் பள்ளி, அல்சூர் ஏரிக்கரையில் கல்லூரி. என் அம்மா, உன் ஆயா, மார்க்கெட் வாசலில் இட்லி விற்றபடியே என்னைச் சேர்த்துவிட்ட பள்ளி அது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், ஆயா பெயரில் வருஷாவருஷம் ஒரு பிள்ளைக்குச் செலவு செய்யலாமா, பெயர்ப் பலகை வைப்பார்களா என்று கேட்டிருந்தாயே. தாராளமாகச் செய். பலகையை மட்டும் விட்டுவிடு. அவ்வளவு கட்டினவர் பெயரையே நாம் ஐந்து எழுத்தாக்கிவிட்டோம். ஆயா பெயரை எத்தனை நாள் வாசிப்பார்கள்?

பணத்தை இப்போது அனுப்பாதே. ஜூனில் பள்ளி திறக்கும் சமயம் அனுப்பு. ஃபீஸைவிட ஷூவுக்கும் நோட்டுக்கும்தான் அந்த நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் சண்டை நடக்கும். நம் வீட்டில் நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா