ஏர் ரைஃபிள் சிலிண்டருக்கும் எக்ஸ்பைரி தேதி இருக்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

காவேரிப்பட்டணத்துல இருந்து எழுதறேன். பஞ்சர் கடை வெச்சிருக்கேன், 22 வருஷமா இதான் தொழில். லெட்டர் எழுதி பழக்கம் இல்லைங்க, எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்குங்க, ஆனா விஷயத்தை வெட்டிடாதீங்க. ரைஃபிள் ஷூட்டிங்ல பசங்க மெடல் வாங்குனா பேப்பர்ல போட்டோ வருது, பாக்க சந்தோஷமா இருக்கு. அந்த போட்டோல துப்பாக்கி பேரலுக்கு கீழ உருண்டையா நீளமா ஒரு குழாய் தெரியும் பாருங்க, அதுதான் ஏர் சிலிண்டர், அதுல அடைச்சு வெச்ச காத்துதான் குண்டை தள்ளுது, அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

அது என்னன்னு எனக்கே மூணு வருஷம் முன்னாடி தெரியாது. எங்க அக்கா பொண்ணு பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் ஷூட்டிங் கத்துக்கறேன்னு கிளம்புச்சு, புதுசு வாங்க நமக்கு ஏது வசதி, யாரோ ஒரு சீனியர் வெச்சிருந்த ஜெர்மன் ரைஃபிளை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம், மாமா நான் பாதி போட்டேன், அவங்கப்பா பாதி. ஒரு நாள் சாயந்திரம் அந்த குழாயை மட்டும் கழட்டி எடுத்துட்டு கடைக்கு வந்து "மாமா, கிளாஸ்ல பம்ப் ரிப்பேர், இதுக்கு கொஞ்சம் காத்து அடிச்சு குடுங்க"ன்னு நீட்டுச்சு. எவ்ளோ வைக்கணும்னு கேட்டேன், 200ன்னு சொல்லுச்சு. லாரி டயருக்கே 120 தான் வைக்கறேன், இத்தினியூண்டு குழாய்க்கு 200ஆன்னு சிரிச்சேன். "பிஎஸ்ஐ இல்ல மாமா, பார்"னுச்சு. ஒரு பார்னா பதினாலரை பிஎஸ்ஐ, அப்ப 200 பார்னா 2900. என் கடை கம்ப்ரஸர் 150 பிஎஸ்ஐ தொடறதுக்குள்ளயே பெல்ட் கத்தும்.

நம்ம பாஷைல சொன்னா, சுண்டு விரல் நகம் அளவு இடத்து மேல 200 கிலோ, அதாவது நாலு சிமெண்ட் மூட்டை. அந்த குழாய் உள்ளே ஒவ்வொரு நகம் அளவு இடத்துலயும் நாலு மூட்டை உக்காந்திருக்கு. அதை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி வெச்சுக்கிட்டு எங்க பொண்ணு ஒரு மேட்ச்சுக்கு 60 குண்டு சுடுது. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரலைங்க, சும்மா சொல்லல.

அப்புறம் ஒரு கை பம்ப் வாங்கினோம். பாக்க சைக்கிள் பம்ப் மாதிரிதான் இருக்கும், ஆனா 150 பாருக்கு மேல ஏறும்போது மொத்த உடம்பையும் அது மேல போட்டு அமுக்கணும், பொண்ணு வெயிட்டுக்கு இறங்காது, அதனால காத்து அடிக்கற வேலை எனக்கு வந்துச்சு. இதுல நான் கத்துக்கிட்டதை சொல்லிடறேன், ஏன்னா கை பம்ப் வெச்சிருக்கற நிறைய வீட்ல பாக்கறேன், வீம்புக்கு ஒரே மூச்சா அடிக்கறாங்க. அஞ்சு நிமிஷம் அடிச்சா பம்ப்போட அடிப்பாகம் தொட முடியாத அளவு சுடும், நிறுத்தி ஆற விட்டுதான் மறுபடி அடிக்கணும், இல்லனா உள்ள காத்தை நிறுத்தற ரப்பர் வளையம், ஓ ரிங்னு சொல்வோம், அது வெந்து போயிடும். பெரிய டேங்க்ல இருந்து ஏத்தினாலும் அதே கதைதான், வால்வை படக்குனு திறந்தா பத்து செகண்ட்ல 200 காட்டும், சிலிண்டர் வெதுவெதுன்னு சுடும், அரை மணி கழிச்சு பாத்தா கேஜு 180க்கு இறங்கி நிக்கும். லீக்னு நினைச்சு பயந்துடுவாங்க. லீக் இல்ல, சூட்டுல விரிஞ்ச காத்து ஆறினதும் பிரஷர் குறையுது, அவ்வளவுதான். மெதுவா ஏத்துங்க, கை வெச்சா சூடு தெரியக்கூடாது. ஏத்தி முடிச்சு ஹோஸை கழட்டறதுக்கு முன்னாடி அதுல நிக்கற காத்தை பிளீட் ஸ்க்ரூவுல விட்டுடணும், மறந்து கழட்டப் போனீங்கன்னா ஹோஸ் சாட்டை மாதிரி வந்து மூஞ்சில அடிக்கும்.

அடுத்தது தண்ணி. பஞ்சர் கடைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, டெய்லி கடை மூடறப்ப கம்ப்ரஸர் டேங்க் அடில இருக்கற டிரெயினை திறந்தா டீ கலர்ல துருத்தண்ணி பீச்சும். காத்துல இருக்கற ஈரம்தான் அது, அமுக்கினா தண்ணியா மாறுது. 10 பாருக்கே அவ்ளோ தண்ணின்னா 200க்கு யோசிங்க. அதனால பம்புக்கும் சிலிண்டருக்கும் நடுவுல ஈரத்தை இழுக்கற ஃபில்டர் இருக்கணும், அதுல இருக்கற மருந்தை அப்பப்ப மாத்தணும். இன்னொண்ணு, சிலிண்டரை ஒரேயடியா காலி பண்ணி போட்டு வைக்கக்கூடாது, கொஞ்சம் காத்து உள்ள நின்னாதான் வால்வு இறுக்கமா மூடியிருக்கும், தூசி உள்ள போகாது.

ஒரு தடவை சிலிண்டர்ல காத்து நிக்கவே இல்ல, ராத்திரி 190, காலைல 150. நான் பழக்க தோஷத்துல டியூப் பாக்கற தண்ணி தொட்டில முக்கப் போயிட்டேன், பொண்ணு "ஐயோ மாமா கேஜுக்குள்ள தண்ணி போயிடும்"னு கத்தி கையை பிடிச்சுக்கிச்சு. அப்புறம் ஷேவிங் பிரஷ்ல சோப்பு நுரை எடுத்து வாய்ப்பக்கம் தடவினேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல, அப்புறம் கடுகு அளவு ஒரு குமிழ் மெல்ல எழுந்து உடைஞ்சு மறுபடி எழுந்துச்சு. ஓ ரிங்தான். மாத்திட்டு சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு வெச்சேன், சரியாயிடுச்சு. இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும், நம்ம கடைல கிடக்கற சாதா கிரீஸ், என்ஜின் ஆயில், தேங்காண்ணை எதுவும் அந்த பக்கமே போகக்கூடாதுங்க. டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை அமுக்கற சூட்டுலயே டீசல் பத்திக்குது இல்லையா, அதே வேலைதான் இங்கயும் நடக்கும். டெஃப்லான் டேப் சுத்தறது, பைப் ரென்ச் போட்டு முறுக்கறது, இதெல்லாமும் வேண்டாம், கையால இறுக்கினா போதும், காத்தை நிறுத்தறது ஓ ரிங், மரை இல்ல.

இதை விட பெரிய கூத்து ஒண்ணு. போன வருஷம் ஒரு பையன், பக்கத்து ஊருதான், பக்கத்து வெல்டிங் கடைல நிக்கற கருப்பு சிலிண்டர்ல இருந்து ஏர் கன்னுக்கு ஏத்தித்தர சொல்லி அடம் பிடிக்கறான், அதுலயும் 140, 150 பிரஷர் இருக்குதேன்னு கேக்கறான். அது ஆக்சிஜன்! வெல்டர் தம்பிங்களுக்கு வேலைல சேர்ந்த முதல் நாளே சொல்லித்தர்ற பாடம், ரெகுலேட்டரை ஆயில் கையால தொடாதே, ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தா பத்திக்கும்னு. அந்த ஆக்சிஜனை ரப்பரும் கிரீஸும் இருக்கற துப்பாக்கிக்குள்ள அடைச்சா அது துப்பாக்கி இல்ல, வெடிகுண்டு. நல்லவேளை வெல்டர் அவனை திட்டி அனுப்பிட்டார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷம் அந்த சிலிண்டரை நான் என் கையாலயே ரொப்பியிருக்கேன். ஒரு போட்டி, எந்த ஊர்னு வேண்டாம், எக்விப்மெண்ட் செக்கிங்ல அந்த சார் ரைஃபிளை வாங்கி எடை பாத்தார், அளவு பாத்தார், அப்புறம் சிலிண்டரை திருப்பி பாத்துட்டு "இதுல டேட் எங்கம்மா"ன்னு கேட்டார். எங்களுக்கு என்ன டேட்டுன்னே தெரியல. சிலிண்டர் மேல ஒரு தேசியக்கொடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், வாங்கும்போதே இருந்துச்சு, பரவாயில்ல பையன் தேசபக்தன் போலன்னு நானும் அதை துடைச்சு துடைச்சு வெச்சிருந்தேன். அவர் நகத்தால அதை சுரண்டி எடுத்தார். அடில பொடி எழுத்துல பொறிச்சிருக்கு, 2011 ஜூலை. அந்த கம்பெனி அந்த சிலிண்டருக்கு கொடுத்திருக்கற ஆயுசு 10 வருஷம். நாங்க வாங்கும்போதே காலாவதி. வித்தவனுக்கு தெரிஞ்சேதான் ஒட்டியிருக்கான்.

அன்னிக்கு பொண்ணு சுடவே இல்ல. கூட வந்த பசங்க சிலிண்டரை கழட்டி குடுத்தாங்க பாவம், ஆனா வேற கம்பெனி, மரை சேரல. ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து மத்தவங்க சுடறதை பாத்துட்டு இருந்துச்சு, அழல, அதான் எனக்கு கஷ்டமா போச்சு. டோக்கியோ ஒலிம்பிக்ல மனு பாகருக்கு பிஸ்டல் கோளாறு ஆகி நேரம் போய் ஃபைனல் போகல, அதே பொண்ணு 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்குச்சுன்னு வர்ற வழி பூரா தொப்பூர் கணவாய் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன். அது ஒண்ணும் பேசல.

செக்கிங் சார் மேல எனக்கு கோபம் இல்லைங்க, அவர்தான் எங்க பொண்ணு மூஞ்சியை காப்பாத்தினார். சர்வதேச ரூல் புத்தகத்துலயே சிலிண்டர் தேதி தாண்டாம பாத்துக்கறது சுடறவங்க பொறுப்புன்னு இருக்குதாம். கோபம் அந்த ரெண்டு வருஷம் கிளாஸ்ல ஃபீஸ் வாங்கினவங்க மேலதான். நிக்கறது, மூச்சு பிடிக்கறது, டிரிகர் அமுக்கறது எல்லாம் நல்லா சொல்லிக்கொடுத்தாங்க, குறை சொல்ல மாட்டேன், ஆனா ஒருத்தர் கூட அந்த சிலிண்டரை திருப்பி பாக்கலையே.

நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் வந்தா என் சம்சாரம் பிடிக்கு கீழ இருக்கற பட்டையை பாக்காம இறக்க விட மாட்டா, ஏ-ன்னா மார்ச் வரைக்கும், பி-ன்னா ஜூன் வரைக்கும், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்துல வருஷம். சிஎன்ஜி ஆட்டோ வெச்சிருக்கறவங்களுக்கு 3 வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது சிலிண்டர்ல தண்ணி ரொப்பி பிரஷர் குடுத்து பாக்கறது, இல்லனா பங்குல கேஸ் போட மாட்டாங்க. அதுவும் இதே 200 பார்தான். ஆனா ஏர் ரைஃபிளுக்கு? 2016 ஆயுத விதிப்படி 4.5 எம்எம் குண்டு, அது கிளம்பற சக்தி 20 ஜூலுக்கு உள்ள இருந்தா லைசன்ஸ் வேண்டாம், அதனால அதை எந்த ஆபீஸ்லயும் கொண்டு போய் காட்ட வேண்டிய அவசியமும் இல்ல. லைசன்ஸ் கேளுங்கன்னு நான் சொல்லல, அப்புறம் நம்ம ஊர் பசங்க ஒருத்தனும் துப்பாக்கி தொட முடியாது. கிளாஸ் நடத்தறவங்க ஒரு நோட்டு போட்டு பையன் பேரு, சிலிண்டர் நம்பர், தேதி எழுதி வெச்சா போதும், பத்து நிமிஷ வேலை. செகண்ட் ஹேண்ட் வாங்கற அப்பா அம்மாக்கள் ஸ்டிக்கர், பெயிண்ட் எது இருந்தாலும் சுரண்டி தேதியை பாத்துட்டு பணத்தை எண்ணுங்க. கேஜு 200 காட்டுதேன்னு நம்பாதீங்க, கேஜுக்கு உலோகத்தோட வயசு தெரியாது.

வெயில்லயும் வெச்சுடாதீங்க. பங்குனி சித்திரைல கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் காரை நிறுத்திட்டு சாப்பிட போறாங்க, துப்பாக்கி டிக்கில. 25 டிகிரில 200 இருந்தது 50 டிகிரிக்கு 215 தாண்டும்.

இன்னொரு கோரிக்கை. நாங்க இப்ப ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய டேங்க் வாங்கி, அதை பெங்களூர் கொண்டு போய் ரொப்பிட்டு வர்றோம், போக 100 கிலோமீட்டர் வர 100 கிலோமீட்டர், ஆம்னில படுக்க வெச்சு கயிறு போட்டு கட்டி. தர்மபுரி பசங்களுக்கு இன்னும் தூரம். ரெண்டு மாவட்ட ஸ்டேடியத்துலயும் ஒரு ஹை பிரஷர் கம்ப்ரஸர் ஃபில்டரோட வெச்சு, வாரத்துல ரெண்டு நாள் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்து, தேதி பாத்து ரொப்பித்தந்தா, இந்த லெட்டர்ல நான் சொன்ன பாதி பிரச்சினை அங்கயே முடிஞ்சிடும். வாங்கி ரிப்பன் வெட்டிட்டு ரூமை பூட்டி சாவியை தொலைச்சுடாதீங்க, அதுக்கும் டெய்லி தண்ணி இறக்கணும்.

பழைய சிலிண்டரை என்ன பண்ணேன்னு சொல்லல பாருங்க. ஒருத்தர் 3000 ரூபாய்க்கு கேட்டார், குடுக்கல. காத்து இறக்கறதுக்குன்னே ரைஃபிளோட ஒரு சின்ன டூல் வந்துச்சு, அதை போட்டு சொட்டு காத்து இல்லாம இறக்கிட்டு ஆக்ஸா பிளேடு வெச்சு நானே ரெண்டா அறுத்தேன். உள்ள ஒரு பக்கம் பளபளன்னு இருந்துச்சு, அடிப்பக்கம் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை வெள்ளையா பூத்து, விரல் வெச்சு தேய்ச்சா குழி தட்டுப்படுது. தேதி இருக்கற பாதி கடை வாசல்ல டியூப்புங்களோட தொங்குது.

புது சிலிண்டருக்கு இருபதாயிரத்துக்கு மேல ஆச்சு, அதுல முதல் வேலையா பொண்ணு காலாவதி வருஷத்தை மார்க்கர்ல பெருசா எழுதி வெச்சுடுச்சு. ஞாயித்துக்கிழமை மறுபடி பெங்களூர் போகணும், டேங்க் 110க்கு வந்துடுச்சு, இனி அதுல இருந்து 110க்கு மேல ஏறாது.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.