தண்டியடிகளின் கயிறு

அன்பு மகள் தமிழரசிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, சம்பா நன்றாக நிற்கிறது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளில், நீ பாடம் நடத்தும் பள்ளியில் பேச விஷயம் கேட்டிருந்தாய். கிளை நூலகத்தில் உட்கார்ந்து தேடியதை எழுதுகிறேன். உன் வகுப்பில் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்டு நடக்கும் பையனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான் என்ற நினைப்போடுதான் தேடினேன்.

புரட்டிய கட்டுரைகளில் பல, 'மன உறுதி இருந்தால் போதும்' என்று முடிந்துவிடுகின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. அந்தப் பையன் கேட்டால், தன்னால் ஓட முடியாததற்குத் தன் மன உறுதி போதாததுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வானே!

அதனால் நம்ம திருவாரூர் தண்டியடிகளிலிருந்து தொடங்கு. பெரியபுராணத்தில் வருகிறவர். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒடுங்கிப்போன கமலாலயக் குளத்தைத் தோண்டி அகலப்படுத்த இறங்கினார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, நடுவே கயிறு. அதைத் தடவியபடியே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, அதைத் தடவியபடியே கரையேறிக் கொட்டினார். பின்னால் அவருக்குப் பார்வை வந்த அற்புதத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கயிறுதான் பெரிதாகத் தெரிகிறது. பார்வை வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்ததல்லவா?

அப்புறம் யாரைப் படித்தாலும் இவருக்குக் கயிறு எது என்றுதான் பார்த்தேன்.

லூயி பிரெய்ல், பிரான்சில் சேணம் தைப்பவரின் மகன். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் குத்தூசி கண்ணில் பாய்ந்து, கடைசியில் இரண்டு கண்ணுமே போயிற்று. பாரிஸில் படித்தபோது, பார்பியே என்ற ராணுவக்காரர் அமைத்த, விரலால் தடவிப் படிக்கும் பன்னிரண்டு புள்ளி முறை கைக்குக் கிடைத்தது. அது ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. ஆறு புள்ளியாகச் சுருக்கினார். 1824-ல், 15 வயதில்! உன் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். ஆனால் அவர் படித்து, ஆசிரியராகவும் இருந்த அதே பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854-ல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து. இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல். இன்று தமிழும் அந்த ஆறு புள்ளியில்தான் படிக்கப்படுகிறது.

நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் சிக்கி வலது காலை இழந்தார். 1984-ல் மறுபடி மேடையில் ஆடினார். அவர் போட்டிருந்தது ஜெய்ப்பூர் கால். ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. அப்போதைய வெளிநாட்டுச் செயற்கைக் காலுக்குப் பூட்ஸ் வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட முடியாது. இதில் வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், சேற்று வயலில் இறங்கலாம். நம் ஊர்ச் சனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! சுதாவைப் பற்றி ஒரு வரி சொன்னால் சர்மாவைப் பற்றியும் ஒரு வரி சொல்.

மாரியப்பன் தங்கவேலுவைப் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்தது. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில், ரியோ 2016-ல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸ் 2024-ல் வெண்கலம். காய்கறி விற்றுக் காப்பாற்றிய அம்மாவையும், பெங்களூருவில் பயிற்சி கொடுத்த சத்யநாராயணாவையும் விட்டுவிடாதே.

நூலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் ரங்கநாதன் சீர்காழிக்காரர். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அந்த விதிகள் புத்தகமாக வந்த 1931-லேயே, மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வர முடியாதவரைத் தேடிப் புத்தகம் போயிற்று. அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்கு இப்போது 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் இருக்கிறது.

சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் மேடைக்கு ஏறப் படி மட்டும்தானா? சாய்தளம் இல்லையென்றால் இப்போதே தலைமையாசிரியரிடம் பேசு. பள்ளிக் கட்டடத்தில் எல்லோரும் புழங்க முடிய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. காலிப்பர் போட்ட அந்தப் பையன் தானாக விரும்பினாலொழிய அன்று அவனை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்ட வைக்காதே. அவனுக்கு எதில் ஆசை, கிரிக்கெட்டா, ரயிலா, கதையா என்று விசாரித்து எழுது. நூலகரிடம் சொல்லி அந்த வகைப் புத்தகங்களாகப் பார்த்து வைக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
அம்மா