கதவோரத்துப் பெஞ்சு

ஏற்காடு,
ஜனவரி 8

அன்புள்ள ராஜி,

உன் கடிதத்துக்குப் பதில் போட ரொம்பத் தாமதமாகிவிட்டது. அரையாண்டுத் தாள்களைத் திருத்தி, மதிப்பெண்ணைக் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றி நிமிர்வதற்குள் பள்ளி மறுபடி திறந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று உத்தரவு. நான் இன்னமும் அடிவாரத்தில் பஸ் ஏறி மலைக்குப் போய்வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கடந்த ஆள் நீ. எனக்கு இப்போதெல்லாம் பாதி மலை வரைக்கும் தூக்கம்தான். மேலே குளிர் தாங்க முடியவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலம், வகுப்பில் பல பெஞ்சுகள் காலி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "வகுப்பில் பிள்ளைகள் சண்டை, தினம் ஒரு பஞ்சாயத்து, நீ எப்படித்தான் சமாளிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். நம் காலத்தில் என்ன செய்வார்கள்? ரெண்டு பேரையும் வராந்தாவில் நிறுத்தி, யார் முதலில் கை வைத்தது என்று விசாரித்து, "சாரி சொல்லு, கை கொடு" என்று முடித்துவிடுவார்கள். கை கொடுத்த இருவரும் சைக்கிள் ஸ்டாண்டில் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பிரம்பு பீரோவுக்குள் போய்விட்டது, ஆனால் அந்த விசாரணை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அதில்தான் கோளாறு தெரிகிறது. யார் தப்பு என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வக்கீலாகிவிடும். எதற்காக உனக்கு அது வேண்டும் என்று கேட்டால், கொஞ்சம் முழித்துவிட்டு உண்மையைச் சொல்லும்.

எட்டாம் வகுப்பில் ரெண்டு பெண்கள். முதல் பெஞ்சில் கதவோர இடத்துக்குச் சண்டை. ஒருத்தி மற்றவள் பையைத் தூக்கி வராந்தாவில் வீச, ஜாமெட்ரி பாக்ஸ் திறந்து காம்பஸும் டிவைடரும் சிதறிக் கிடந்தன. இருவரையும் உடனே பேச வைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு எதுவும் காதில் ஏறாது. முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். சிதறியதைப் பொறுக்கி வைக்கவே வீசியவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

அப்புறம் ரெண்டு நிபந்தனை சொன்னேன். ஒருத்தி பேசும்போது மற்றவள் குறுக்கே வரக் கூடாது. அவள் முடித்ததும், அவள் சொன்னதை அவளே "ஆமா மிஸ், அதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி மற்றவள் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் தன் கதை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் தொடக்கத்திலேயே சொன்ன வழி. பி.எட். தேர்வில் அவர் பெயரை எழுதி மார்க் வாங்கினோமே, அவரேதான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்ய வைத்துப் பார், பெரியவர்களுக்கே வராது.

"அவ என்ன சொன்னா?"

"நான் திமிர் புடிச்சவளாம் மிஸ்."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல மிஸ்!"

மறுபடி முதலிலிருந்து. கொஞ்ச நேரம் இப்படியே இழுத்தது. கடைசியில் அவள் வேண்டாவெறுப்பாக, "நாலு இருபது பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறரைக்குத்தானாம். எஸ்டேட் வழியா நடக்கணுமாம், காட்டெருமை நிக்குமாம். கதவு பக்கம் இருந்தா பெல் அடிச்சதும் ஓடலாமாம்" என்றாள். சொல்லச் சொல்லவே குரல் இறங்கிவிட்டது. இப்படித் திருப்பிச் சொன்னவள் வீடு கடைத்தெருவில், பஸ் கவலை கிடையாது. அவள் முறை வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அவளுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் கதவு பலகையை ஒட்டி இருக்கிறது, அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் எழுத்து பிடிபடுகிறது. இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை மாதம் பக்கத்தில் இருப்பவள் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனி. நாம் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு, ஆளுக்கு ஒரு வாரம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு வாரம் ஒருத்தி பஸ்ஸை விடுவாள், அடுத்த வாரம் மற்றவளுக்குப் பாடம் தெரியாது. வழி சொன்னது அவர்கள்தான்: நாள் முழுக்க பலகை தெரியாதவள் உட்காரட்டும், கடைசிப் பீரியடுக்கு மட்டும் பஸ்காரி கதவோரம் வரட்டும். நான் செய்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கான கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தது மட்டும். இருவரும் இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது, காய்தான். பழம் விடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காமலே மரியாதையாக நடந்துகொள்ள முடியும் என்று தெரிந்துகொண்டால் எனக்கு அது போதும்.

இன்னொன்று, "நீ எப்பப் பார்த்தாலும்" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு உருப்படாது. இன்றைக்கு நடந்ததை மட்டும் சொல் என்று பிடிவாதமாக நிறுத்துகிறேன். பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் மகிழ் முற்றம் குழுக்களில் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் கபடியில் தகராறு வந்தால்கூட இதே விதிதான். ஆனால் ஆசிரியர் அறையையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ரெண்டு ஆசிரியர்கள் நேரில் பேசாமல் பசங்க கையில் சீட்டு கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பசங்களுக்கு எந்த வகுப்பில் எதைச் சொல்லி என்ன!

இப்போது நீ எழுதிய அந்த ஒன்பதாம் வகுப்பு விஷயம். கையில் வண்ணக் கயிறு கட்டிய பையன் இன்னொருவனைத் தண்ணீர்க் குழாயில் தடுத்துத் தள்ளினான், இருவரையும் உட்காரவைத்துப் பேசலாமா என்று கேட்டாய். வேண்டாம். நான் மேலே சொன்ன முறையெல்லாம் சமமாக நிற்கும் ரெண்டு பேருக்கு. ஒருவன் சாதியைக் காட்டி மிதிக்கிறான், மற்றவன் மிதிபடுகிறான் என்றால் அது சண்டை இல்லை. அடிபட்டவனை எதிரில் உட்காரவைத்து, "அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்றால் அது ரெண்டாவது அடி. இங்கேயும் மலைக்கிராமத்துப் பிள்ளைகளைக் காட்டுக்காரன் என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. அப்போது நான் நடுவராக இருப்பதில்லை, ஒரு பக்கம்தான் நிற்கிறேன்.

உங்கள் பக்கம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனை வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதி காட்டும் எதையும் பள்ளிக்குள் விடக் கூடாது என்றும், பள்ளிப் பெயர்களிலிருந்தே சாதியை எடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்தால் சாதி போய்விடாது என்று உன் சக ஆசிரியர் சிரித்ததாக எழுதியிருந்தாய். போகாதுதான். ஆனால் குழாயடியில் யார் முதலில் குடிப்பது என்று அந்தக் கயிறு முடிவு செய்கிறதே, அதையாவது நிறுத்தலாம்.

நீ முதலில் தள்ளப்பட்ட பையனிடம் தனியாகப் பேசு. அவனுக்கு என்ன வேண்டும், யாரைப் பார்த்துப் பயம், வீட்டுக்கு எந்த வழியாகப் போகிறான், யாரோடு போகிறான் என்று கேள். தலைமையாசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதே, எழுதிக் கொடு, நகல் உன்னிடம் இருக்கட்டும். கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ரெண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதிப் போடு. கயிறு கட்டிய பையனிடமும் பேச வேண்டும், ஆனால் தனியாக, வேறு நாளில். அவனுக்கும் பதினான்கு வயதுதான், கயிற்றைக் கட்டிவிட்டது யார் என்று கேட்டுப் பார்.

பொங்கலுக்குச் சேலம் வருவாயா? வந்தால் தட்டுவடை செட் என் செலவு. வர முடியாவிட்டால், எழுதிக் கொடுத்ததற்குத் தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்பதையாவது உடனே எழுது.

அன்புடன்,
மங்கை