பழைய இரும்பு விலையில் நம் மில்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். சென்ற வாரம் சிங்காநல்லூர்ப் பக்கம் போனபோது நம் பழைய மில்லின் கேட் திறந்து கிடந்தது. உள்ளே நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களைக் கழற்றி, நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்களைச் சாக்குகளில் அள்ளிக் கட்டி, பழைய இரும்பாக எடைபோட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சங்கங்களால்தான் கோவை மில்கள் படுத்துவிட்டன என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. (கேட் முன்னால் என்னோடு போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்தானே நீங்களும்!) ஸ்டேன்ஸ் மில் 1888-லேயே வந்துவிட்டாலும், இங்கே ஆலைகள் பெருகியது 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்த பிறகுதான். சுற்றுவட்டாரத்துக் கரிசலில் பருத்தியும் மலையிலிருந்து மலிவான மின்சாரமும் இருந்ததால் வந்த தொழில் இது. அந்த இரண்டுமே பின்னாளில் கையை விட்டுப் போயின.

இப்போது பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரத்திலிருந்துதான் வருகிறது. லாரி வாடகையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், விலை ஆடுகிற ஆட்டத்தைத்தான் சிறு மில்லால் தாங்க முடிவதில்லை. 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு, 2021 தொடக்கத்தில் இருந்த விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் ஏறி, 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. திருப்பூர்க்காரர்கள் பனியன் ஆர்டரை முன்பே பேசிய விலைக்கு எடுத்திருப்பார்கள். அதனால் பஞ்சு ஏறிய வேகத்தில் நூல் விலையை ஏற்ற முடியாது. பெரிய மில்கள் சீசனிலேயே மாதக்கணக்கில் இருப்பு வைத்துக்கொள்ள, வாரத்துக்கு வாரம் வாங்கி ஓட்டுகிறவருக்குக் கதிரை நிறுத்துவதே லாபமாகிவிடுகிறது.

மின்சாரக் கதையை நீங்களே அறிவீர்கள். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, டீசல் ஜெனரேட்டரில் நூற்ற ஒவ்வொரு கிலோவும் நட்டக் கணக்கில்தான் ஏறியது. உடுமலை, பல்லடம் பக்கம் சொந்தக் காற்றாலை போட முடிந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்; அதற்கு முதலீடு இல்லாதவர்கள் வங்கி வட்டியில் மாட்டிக்கொண்டார்கள். இதற்கிடையில் நகரம் மில்களைச் சுற்றி வளர்ந்துவிட, நூலை விற்பதைவிட நிலத்தை விற்பது எளிதாயிற்று. 1974-இல் நலிந்த ஆலைகளை ஏற்று நடத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகமே 2020 பொதுமுடக்கத்தில் நிறுத்திய கதிர்களைப் பிறகு சரிவர ஓட்டவில்லை என்னும்போது, சங்கங்களை மட்டும் குறைசொல்வது நியாயமா?

நினைவுக்கு ஒரு கதிரைக் கேட்டேன். இரும்புக்காரர் அதையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஷிப்ட் தோழன்